கிப்வானாவின் பெயரும் இருபது லட்சம் இழுப்பும்

கிப்வானா மலேண்டாவிடம் ஒரு பொருளை இரவல் கொடுத்தால் அது அவன் பெயரோடுதான் திரும்பி வரும். மையில் எழுதித் தருவான் என்று நினைக்காதீர்கள். உளி வைத்து வெட்டித் தருவான். மச்சினிச்சி கல்யாணத்துக்கு வேண்டும் என்று எங்கள் பாலத் தொழிலாளர் சங்கத்தின் ஒலிபெருக்கியை ஒருநாள் வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது அதன் வாயைச் சுற்றிப் பெரிய ஆங்கில எழுத்தில் அவன் பெயர் இருந்தது. பொருள் சங்கத்துடையது, பெயர் உன்னுடையது, தொலைந்தால் எடுத்தவன் யாரிடம் கொண்டுவந்து கொடுப்பான் என்று கேட்டேன்.

"என்கிட்ட குடுப்பான் செயலாளரே. நான் உங்ககிட்ட குடுப்பேன்" என்றான்.

மூன்று வேலைநிறுத்தம் நடத்தியவன் நான். ஒலிபெருக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழில் அப்படி. தார் எஸ் சலாம் நகரத்தில் சிவப்பு விளக்கில் கார் நின்றால், பச்சை விழுவதற்குள் பக்கக் கண்ணாடி போய்விடும். மறுநாள் அதே கண்ணாடியைச் சந்தையில் சொந்தக்காரனே விலைக்கு வாங்கி வருவான். அதனால் எல்லாரும் கண்ணாடியிலும் விளக்கிலும் வண்டி எண்ணைச் செதுக்கி வைப்பார்கள். கிப்வானா இளவயதில் ஒன்பது வருஷம் ரோட்டோரத்தில் நின்று அதைச் செதுக்கினான். பெயர் வெட்டாத பொருள் ஊருக்கே சொந்தம் என்று அப்போது மண்டையில் ஏறியது இறங்கவே இல்லை. அவன் தொப்பி, தட்டு, கரண்டி, சைக்கிள் பம்பு, ஆட்டின் இரண்டு கொம்பு, எல்லாவற்றிலும் பெயர். அடுத்தது என் நெற்றிதான் என்று அவன் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். உறுதியாகச் சொல்ல முடியாது, தூங்கும்போது தலையில் துணி கட்டிக்கொள்வாள் என்று கேள்வி.

கண்ணாடித் தொழில் படுத்தபிறகு பாலத்து வேலைக்கு வந்தான். கம்பி கட்டுகிற வேலை. பதினோரு வருஷம், மூன்று பாலம். கம்பி கட்டுகிறவனுக்கு வானம் தெரியாது. காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர வேண்டும். கிப்வானாவுக்கு நாற்பத்து நாலு வயதில் முதுகு கொக்கி மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் அவன் நின்றால் முன்னால் நிற்கிறவன் பாக்கெட்டில் எதையோ தேடுகிறான் என்று சண்டை வந்த நாளும் உண்டு.

கிலாசி ஆற்றுப் பாலத்துக்கு நாங்கள் வந்தபோது கம்பெனி ஒரு மெஷின் இறக்கியது. கம்பி முனையில் மரை, அதாவது திருகுச் சுற்று, போடுகிற மெஷின். கம்பி பன்னிரண்டு மீட்டர்தான் வரும், பாலம் அதைவிட நீளம், ஒன்றோடு ஒன்று சேர்த்தாக வேண்டும். பழைய முறையில் இரண்டு கம்பியை ஓர் ஆள் கைவிரிப்புக்குப் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுவார்கள். அதற்கு லேப் என்று பெயர். புது முறையில் இரண்டு முனையிலும் மரை போட்டு, நடுவில் கப்ளரை முறுக்கி இணைப்பார்கள். கப்ளர் என்பது ஒரு சாண் கூட இல்லாத தடித்த இரும்புக் குழாய், உள்ளே மரை. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் மெஷின் நிற்கிற மேடை இடுப்பு உயரம். அதை ஓட்டுகிறவன் நிமிர்ந்து நின்று ஓட்டலாம். இருபத்தாறு பேர் அந்த வேலையைக் கேட்டார்கள். செதுக்குகிற கை நடுங்காது என்பதால் கிப்வானாவுக்குக் கிடைத்தது. அவன் முதுகு மூன்று மாதத்தில் நேரானது. நான் கண்ணால் பார்த்தேன். மருத்துவமனை செய்யாததை ஒரு மேடை செய்தது.

இதில் வயிற்றெரிச்சல் பட்டது கம்பி கட்டுகிற கூட்டத்தின் தலைவன் மிஹாயோ. கப்ளர் வந்தால் கட்டுவேலை குறையும் என்பது ஒரு காரணம். நல்ல ஆள் ஒருவன் போய்விட்டான் என்பது இன்னொன்று. ஆனால் வெளியே அவன் காட்டியது கேலி மட்டும்தான். காட்டித்தான் ஆக வேண்டும். மிஹாயோ நியாம்வேசிக்காரன், கிப்வானா ஜராமோக்காரன், இரண்டு இனத்துக்கும் பிறப்பிலேயே கேலி முறை. மாமன் மச்சான் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இனத்துக்கு இனம். நியாம்வேசிக்காரன் அவனைக் கடற்கரைச் சோம்பேறி என்பான், ஜராமோக்காரன் இவனைச் சுமைதூக்கிப் பரம்பரை என்பான், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்கிறவன் கோபப்படக் கூடாது. பட்டால் ஒரு கோழி அபராதம். கல்யாணத்திலும் உண்டு, சாவு வீட்டில் கட்டாயம் உண்டு. பாடை போகிற வழியில் குறுக்கே படுத்துக்கொண்டு, செத்தவன் எப்படி நடப்பான், எப்படிக் கடன் கேட்பான் என்று நடித்துக் காட்டி, முறைப்படி ஏதாவது வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். அழுகிறவர்களும் சிரித்துவிடுவார்கள்.

எஞ்சினியர் ஷாயோ, மோஷி என்கிற ஊரிலிருந்து வந்த பெண். முப்பத்தொரு வயது. அதிகம் பேசமாட்டாள், சட்டைப் பையில் எப்போதும் வறுத்த நிலக்கடலை. தூண்களின் அடித்தளத்தில் கப்ளர் போட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேல்தளத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். முதல் வரிசைக் கம்பிகளைப் பொருத்தி வையுங்கள், சோதனை முடியாமல் கான்கிரீட் ஊற்றக் கூடாது என்றாள்.

என்ன சோதனை என்று கிப்வானா கேட்டான். ஏற்கெனவே இழுத்துப் பார்த்தார்கள், தேறிவிட்டதே என்றான்.

ஷாயோ கீழே கிடந்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இழுத்து அறுங்க அண்ணே."

அவனால் முடியவில்லை.

"இப்ப மடக்கி நிமித்துங்க. திரும்பத் திரும்ப."

ஏழாவது மடக்கில் உடைந்தது. கொறடு கையில் இல்லாதபோது நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கம்பியை வெட்டுவோம். இது தெரியாதவன் கம்பி கட்டுகிறவனே இல்லை.

"ஒரு லாரி போனா மேல்தளத்துக் கம்பி ஒருதடவை இழுபடும், விடும். அடுத்த லாரி, அடுத்த இழுப்பு. ஒரே இழுப்புக்குத் தாங்குற இரும்பு, லட்சம் இழுப்புக்கு அப்புறம் களைச்சு உடையும். உங்க மரை போட்ட கம்பி இருபது லட்சம் இழுப்பு தாங்கணும். தாங்கலைன்னா லேப்தான், மெஷினைத் திருப்பி அனுப்பிருவேன்" என்றாள்.

அந்த வாரம் நான் ஒரு துண்டறிக்கை போட்டேன். இரும்பே களைக்கிறது, எட்டு மணி நேரத்துக்கு மேல் மனிதன் எப்படி உழைப்பான் என்று. நன்றாக ஓடியது. ஷாயோ ஒரு பிரதி வாங்கிப் படித்துவிட்டு, அதில் விஞ்ஞானம் தப்பு என்று மட்டும் சொன்னாள். என்ன தப்பு என்று நானும் கேட்கவில்லை.

சோதனைக்கு மூன்று மாதிரி தயாரானது. ஒரு மீட்டர் துண்டு, நடுவில் கப்ளர். கிப்வானா அந்த மூன்றையும் தொட்டில் பிள்ளை மாதிரி துடைத்தான். பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. வண்டியில் தார் எஸ் சலாம் வரை போக வேண்டும். டிரைவர் வேறு கம்பியை வைத்து மாற்றலாம். வாசற்காரன் மாற்றலாம். மிஹாயோ ஆள் வைத்து மாற்றலாம். பெயர் வெட்டாத பொருள் ஊருக்கே சொந்தம். உளியை எடுத்தான். கப்ளர் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கம்பியின் நீளவாக்கில் தன் பெயரை வெட்டினான். சாதாரணமாக வெட்டுவதைவிட ஆழமாக. முக்கியமான சாமானாயிற்றே.

பரிசோதனைக் கூடத்து மெஷின் நொடிக்கு ஐந்து தடவை இழுக்கும். இருபது லட்சத்துக்கு நாலரை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டோம். முதல் மாதிரியை மாட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் காலை சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லாரும் எண்ணிக்கையை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். கிப்வானா நாலு லட்சம் தாண்டியிருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஷாயோவின் போன் அடித்தது. மூன்று லட்சத்து எண்பத்தோராயிரத்தில் உடைந்துவிட்டது.

எங்கே உடைந்தது என்று கேட்டான். கப்ளருக்குள் இல்லை, மரையில் இல்லை, கம்பியில் உடைந்தது என்றாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். என் மரை உடையவில்லை, கம்பிதான் உடைந்தது, அதற்கு நானா பொறுப்பு, உருக்கு ஆலைக்காரனைக் கேளுங்கள் என்று வெற்றிப் பேச்சு ஒன்று பேசினான். இரண்டு பேர் கை தட்டினார்கள். ஷாயோ கடலைத் தோலை ஊதிவிட்டு, எங்கே உடைந்தாலும் தோல்விதான் என்றாள். இன்னொரு தடவை மூன்று மாதிரி அனுப்ப அனுமதி உண்டு. அதில் ஒன்று உடைந்தாலும் மெஷின் லாரி ஏறும்.

கிப்வானா அன்று முழுவதும் முதுகில் கை வைத்துக்கொண்டே நடந்தான். வலி இன்னும் வரவில்லை. ஒத்திகை பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து உடைந்த கம்பி சாக்குமூட்டையில் திரும்பி வந்தது. வண்டி வாசலுக்குள் நுழைய முடியவில்லை. மிஹாயோ குறுக்கே படுத்திருந்தான்.

"பொணம் இந்த வழியா போகாது" என்றான் படுத்தபடியே. "எங்க முறையைச் செஞ்சிட்டு எடுத்துட்டுப் போங்க."

டிரைவர் ஹாரன் அடித்தான். மிஹாயோ புரண்டு படுத்தான். முறை என்ன என்று பேரம் நடந்தது. ஒரு கெண்டி நிறையச் சாயா, எண்ணெயில் பொரித்த மண்டாசி பத்து. கிப்வானா வாங்கிக்கொடுத்தான். கொடுக்காமல் முடியாது. சாயா குடித்து முடித்ததும் மிஹாயோவின் ஆட்கள் சாக்கை அவிழ்த்து, கம்பித் துண்டுகளை ஒரு தள்ளுவண்டியில் வைத்து, யாரோ ஒருத்தியின் மேல்துணியைப் போர்த்தினார்கள். முழு வேலைக்களமும் கூடிவிட்டது. நான் ஊர்வலம் என்றால் நானூறு பேர் சேர்க்க மூன்று நாள் ஆகும். இவன் ஐந்து நிமிஷத்தில் சேர்த்தான்.

மிஹாயோ தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"இறந்தவர் நல்ல மனுசன்" என்று ஆரம்பித்தான். "இருபது லட்சம் வேலை செய்யச் சொன்னாங்க. நாலு லட்சம்கூட முடிக்கல, படுத்துட்டாரு. ஏன்னு கேக்காதீங்க. ஜராமோக்காரரு. வெயில் ஏறினா தென்னமரத்தடிதான்."

கூட்டம் சிரித்தது. அடுத்து கிப்வானா மாதிரி முதுகில் கை வைத்து நடந்து காட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, சொர்க்கத்தில் பதிவு செய்ய வேண்டும், இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றான். கூட்டம் கிப்வானா பக்கம் திரும்பியது. "பரவால்ல, இவரு பேரு எழுதாம போகமாட்டாரு" என்று துணியை விலக்கி ஒரு துண்டைக் கையில் எடுத்தான்.

"கே. ஐ. அவ்வளவுதான் இருக்கு. மிச்சப் பேரு எங்கய்யா?"

மறு துண்டை எடுத்தான். "இந்தா கெடக்கு. பி பாதியாப் போச்சு. அப்புறம் மத்ததெல்லாம் வரிசையா இருக்கு. டேய் கிப்வானா, உன் பேரு நடுவுலயே உடைஞ்சிருக்குடா. பொண்டாட்டி சாபம்."

கூட்டத்தில் ஒருவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். கிப்வானா சிரிக்கவில்லை. முன்னே வந்து இரண்டு துண்டையும் மிஹாயோ கையிலிருந்து பிடுங்கிச் சேர்த்துப் பார்த்தான்.

"கோவிச்சுக்கிட்டான்" என்று மிஹாயோ கூட்டத்திடம் அறிவித்தான். "கோழி."

"கோவிக்கல. வாயை மூடிட்டு இங்க பாருடா சுமைதூக்கி."

மிஹாயோ குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். பி எழுத்துக்கு முதலில் ஒரு நேர்க்கோடு வெட்டுவோம் இல்லையா, அந்தக் கோடு கம்பிக்குக் குறுக்கே விழுந்திருந்தது. கம்பி அந்தக் கோட்டிலேயே, ரம்பம் வைத்து அறுத்த மாதிரி, உடைந்திருந்தது. கிப்வானா பி எழுத்தின் கோட்டை மட்டும் எப்போதும் இரண்டு அடி அடிப்பான். அழகாக வரும் என்பான்.

ஷாயோ வந்தாள். பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தாள். உடைந்த பரப்பில் பாதி வழவழவென்று இருந்தது, பாதி சொரசொரவென்று இருந்தது. வழவழப்பு அந்தக் கோட்டிலிருந்து விசிறி மாதிரி விரிந்திருந்தது.

"துணிக்கடையில துணி கிழிக்கிறதைப் பாத்திருக்கீங்களா அண்ணே?" என்றாள். "ஓரத்துல கத்தரியால ஒரு சின்ன வெட்டு. அப்புறம் கையால இழுத்தா கோடு மாதிரி கிழியும். அந்த வெட்டு இல்லைன்னா ரெண்டு ஆள் இழுத்தாலும் கிழியாது. நீங்க கத்தரி வெட்டு போட்டுக் குடுத்திருக்கீங்க. ஏழு எழுத்துக்கும்."

அப்படியென்றால் மரை மேல் தப்பு இல்லை, பெயர் வெட்டாமல் மறுபடி அனுப்பினால் தேறும். எல்லாருக்கும் மகிழ்ச்சி. மிஹாயோ தன் முறையால்தான் உண்மை வெளிவந்தது என்று சொல்லி இன்னொரு கெண்டி சாயா கேட்டான். கிப்வானா மட்டும் முகம் செத்துப்போய் நின்றான்.

மதியம் சங்கத்துக் கொட்டகைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். கொட்டகைக்குச் சுவரே மூன்றுதான், ஆனாலும் கதவைச் சாத்தினான்.

"நாப்பத்தாறு, செயலாளரே" என்றான்.

என்ன நாற்பத்தாறு என்றேன். மேல்தளத்தில் பொருத்தி வைத்திருக்கிற முதல் வரிசைக் கம்பி நாற்பத்தாறு. ஒன்று விடாமல் பெயர் வெட்டியிருக்கிறான். சோதனை முடிகிற வரைக்கும் கான்கிரீட் இல்லை. அதற்குள் சொன்னால், வரிசை முழுக்கப் பிரிக்க வேண்டும். கம்பெனி கொதிக்கும். இந்த மெஷினால் நஷ்டம்தான் என்று சோதனைக்கு முன்னாலேயே லாரியில் ஏற்றிவிடுவார்கள். சொல்லாவிட்டால் கான்கிரீட் மூடிவிடும், யாருக்கும் தெரியாது. அவன் மறுபடி குனிய வேண்டியதில்லை.

சொல் என்றேன். வேறு என்ன சொல்வேன். பாலத்தில் லாரி மட்டுமா போகும், பஸ்ஸில் உன் மச்சினிச்சி போவாள் என்றேன். அவள் தோணியிலேயே போகட்டும் என்றான். உன் பொண்டாட்டி போவாள் என்றேன். யோசித்தான்.

"சந்தைக்கு உன் ஆட்டை ஓட்டிட்டுப் போவியா மாட்டியா?" என்றேன்.

எழுந்து போய்விட்டான். மனிதனை எதைச் சொல்லி அசைப்பது என்று கண்டுபிடிப்பதுதான் சங்க வேலை. மற்றதெல்லாம் காகிதம்.

ஷாயோவின் அறை வாசலில் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நானும் பின்னால் நின்றேன், ஆள்பலத்துக்கு. பெரிய தவறு செய்துவிட்டேன், வேலையை எடுத்தாலும் சரி, மெஷினை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அது ஒரு பாவமும் அறியாது என்று நீளமாக ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மேசையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். பொருத்திய கம்பிகளின் விவரப் படிவம். தரம் பார்க்கிற ஆள் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரி நிரப்புவான். ஆலைக்காரர்கள் கம்பியில் தங்கள் பெயரைப் புடைப்பாக வார்த்திருப்பார்கள், அதைப் பார்த்து எழுதுவது வழக்கம். நாற்பத்தாறு வரியிலும் 'தயாரித்த ஆலை: கிப்வானா' என்று எழுதியிருந்தது.

"உங்க ஆலைக்குத் தரச் சான்றிதழ் கேட்டு ரெண்டு தடவை கடுதாசி போட்டிருக்கேன்" என்றாள் ஷாயோ. "பதிலே வரல. இப்பத்தான் புரியுது."

கிப்வானா தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அட்ரஸ் என்னன்னு போட்டீங்கம்மா?"

"தெரியலைன்னு போட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வாயில் கடலை இருந்தது. அடித்தளத்திலும் வெட்டினீர்களா என்று கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்றான். பேனாவை எடுத்து அரைமணி நேரம் கணக்குப் போட்டாள். நாங்கள் நின்றோம். அடித்தளத்துக் கம்பி எப்போதும் அமுங்கியே கிடக்கும், லாரி போனால் அங்கே இழுப்பு மாறுவது சொற்பம், அது இருக்கட்டும் என்றாள். மேல்தளத்து நாற்பத்தாறையும் வெள்ளிக்குள் மாற்ற வேண்டும், கழற்றுவதும் நீங்கள், மரை போடுவதும் நீங்கள். மெஷின் கதை சோதனையைப் பொறுத்தது, அதில் மாற்றம் இல்லை.

"பயந்துகிட்டே வந்து சொன்னீங்க பாருங்க, அதை மட்டும் படிவத்துல எழுத எடமில்ல" என்றாள். அவள் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான்.

கழற்ற ஆள் வேண்டும். கட்டியது மிஹாயோ கூட்டம், அவர்கள்தான் அவிழ்க்க வேண்டும். இரண்டு நாள் மேல்தளத்தில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு கம்பியைத் தூக்கும்போதும் மிஹாயோ அதில் இருக்கிற பெயரை உரக்கப் படித்து, இவரும் போய்விட்டார் என்று ஒரு ஒப்பாரி வைத்தான். நாற்பத்தாறு ஒப்பாரி. முப்பதுக்கு மேல் கிப்வானாவே கூடச் சேர்ந்து அழுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லேப் வந்தால் தன் கூட்டத்துக்கு இரட்டிப்பு வேலை என்று தெரிந்தும், மிஹாயோ ஒரு கம்பியைக்கூடத் தாமதமாக அவிழ்க்கவில்லை. வெள்ளி மதியம் வரிசை தயார்.

புது மாதிரி மூன்றையும் கிப்வானா தானே கொண்டுபோவதாகச் சொன்னான். பெயர் வெட்ட முடியாது, வேறு யாரையும் நம்பவும் முடியாது. பஸ்ஸில் மூன்று கம்பியையும் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்தான். பக்கத்து சீட்டுக்காரன் முழங்காலில் பாதிப் பாரம். அது என்ன என்று கேட்டவனிடம் பாலம் என்று சொன்னானாம். கை அரித்தது, சட்டைப் பையில் இருந்த உளியை வழியில் ஒரு பழக்காரியிடம் கொடுத்துவிட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

பரிசோதனைக் கூடத்தில் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் மபுண்டா என்கிற ஒல்லி மனிதர். யாரையும் உள்ளே விடமாட்டார். கிப்வானாவை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார். அங்கிருந்து கண்ணாடி வழியாக எண்ணிக்கை தெரியும். மெஷின் சின்னதாக இழுக்கும், விடும். கம்பி அசைவதுகூடத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். முதல் நாள் முடிவில் அவன் தலை அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பித்துவிட்டது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் வந்தபோது எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். எண்பத்தோராயிரம் போனது. எண்பத்து இரண்டும் போனது. மபுண்டா வெளியே வந்து கழிவறை அந்தப் பக்கம் என்றார்.

நாலரை நாளில் எண் இருபது லட்சத்தைத் தொட்டது. மெஷின் தானாக நின்றது. அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, யாரும் வரவில்லை, கம்பி வைத்தபடியே இருந்தது.

"என்ன ஆச்சுய்யா?" என்று கேட்டான் கிப்வானா.

"ஒண்ணும் ஆகல" என்றார் மபுண்டா. "ஒண்ணும் ஆகலைன்னாதான் பாஸ்."

ஐந்து நாள் உட்கார்ந்து ஒன்றும் ஆகாததைப் பார்த்தவன் அவன். இரண்டாவதிலும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் வேலைக்களத்துக்குப் போன் போடுவான். மிஹாயோதான் எடுப்பான், எடுத்ததும் துக்கம் விசாரிப்பான், இன்னும் சாகவில்லை என்று தெரிந்ததும் ஏமாற்றமாக வைத்துவிடுவான். எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் போன் பக்கத்திலேயே காத்திருந்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது மாதிரி பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரத்தில் இருந்தபோது மின்சாரம் போயிற்று. மெஷின் நின்றது. கிப்வானா முதலில் எழுந்து கண்ணாடியைத் தட்டினான், பிறகு அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. போகட்டும், கடைசி அறுபதாயிரத்துக்கு முன்னால் கம்பி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், இரும்பும் உழைப்பாளிதான் என்று சங்கத்து நோட்டீஸிலேயே போட்டிருக்கிறார்கள் என்று மபுண்டாவிடம் சொன்னான்.

"ஓய்வு குடுத்தா மனுசனுக்குக் களைப்பு போகும். இரும்புக்குப் போகாது" என்றார் மபுண்டா. "விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கும். அந்த நோட்டீஸை எழுதினவனுக்குத் தெரியாது."

ஷாயோ சொன்ன தப்பு எதுவென்று எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

ஐந்து மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. கடைசி அறுபதாயிரத்துக்கு மூன்றே கால் மணி நேரம் ஓட வேண்டும். கிப்வானா பெஞ்சில் உட்காரவில்லை. எழுந்து, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, முழு நேரமும் நின்றபடியே பார்த்தான். இருபது லட்சம். மெஷின் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. மபுண்டா முதல்முறையாகக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, தொட்டுப் பார்க்கச் சொன்னார். கம்பி இளஞ்சூடாக இருந்ததாம். கைகுலுக்குகிற மாதிரி பிடித்துக் குலுக்கினானாம்.

போனில் செய்தி சொன்னபோது மிஹாயோ எண்ணிக்கையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சரி, வந்து சேரு. உனக்குன்னு எடுத்து வச்ச கட்டுக்கம்பியை வேற எவனுக்காவது குடுத்துடறேன்" என்றான்.

திங்கட்கிழமை மெஷின் ஓடியது. மேல்தளத்துக்கு மொத்தம் ஆயிரத்து நானூறு கப்ளர், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஷாயோ எழுதிக் கொடுத்தாள். கிப்வானா காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை நிமிர்ந்து நின்று மரை போட்டான். இரண்டு வாரம் கழித்து மெதுவாக நொண்டிக்கொண்டு சங்கத்துக் கொட்டகைக்கு வந்தான்.

"செயலாளரே, நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருந்தா கால் வீங்குது. இதை நிர்வாகத்துக்கிட்ட கேக்கணும்" என்றான்.

என்ன கேட்க வேண்டும் என்றேன்.

"உக்காந்து வேலை செய்ய ஒரு ஸ்டூல்."

காகிதம் எடுத்து மனு எழுதினேன்.